இணையத்தில் துணுக்குத் தகவல் தேடல்

இணையத்தில் துணுக்குத் தகவல் தேடல் என்பது திரைப்படம், இசை, தொலைக்காட்சி, விளையாட்டு முதலிய துறைகளில் பரவலாக அறியப்படாத சிறு தகவல்களை இணைய வளங்களின் துணையுடன் கண்டறிந்து, அவை சரியானவையா எனச் சரிபார்க்கும் செயற்பாடு ஆகும். பழைய திரைப்படம் ஒன்றில் சிறு வேடத்தில் தோன்றியவர் யார், வானொலியில் ஒருமுறை மட்டும் ஒலித்த பாடலின் பெயர் என்ன, ஓர் ஆட்டக்காரர் அடித்த சதங்கள் மொத்தம் எத்தனை என்பன போன்ற வினாக்கள் இதில் அடங்கும்.

இவ்வகை வினாக்களுக்கான விடைகள் பெரும்பாலும் பாடநூல்களிலோ பொதுக் கலைக்களஞ்சியங்களிலோ இடம்பெறுவதில்லை. நிகழ்வு நடந்த காலத்தில் எழுதப்பட்ட பதிவுகளிலும், ஆர்வலர்கள் தொகுத்த தரவுத்தளங்களிலும், நிகழ்வில் பங்கேற்றவர்களின் நினைவிலுமே அவை தங்கியுள்ளன. இம்மூன்றையும் எட்டுவதை இணையம் எளிதாக்கியுள்ளது. அதே வேளையில், பிழையான விடை ஒன்று பல இடங்களில் படியெடுக்கப்பட்டு உண்மையைப் போலத் தோன்றுவதையும் அது எளிதாக்கியுள்ளது. பல தளங்கள் ஒரே விடையைக் கூறுவது அவ்விடை சரி என்பதற்குச் சான்றாகாது. எனவே விடையைக் கண்டுபிடிப்பதும் விடையை உறுதிசெய்வதும் இரு வேறு பணிகளாகக் கருதப்படுகின்றன.

துணுக்குத் தகவலின் தன்மை

தமிழ் இதழ்களில் பக்கத்தில் எஞ்சும் இடத்தை நிரப்ப வெளியிடப்படும் சிறு செய்தியைத் துணுக்கு என்று அழைப்பது வழக்கம். தமிழ்வாணனை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த கல்கண்டு இதழ் இத்தகைய துணுக்குகளுக்குப் பெயர்பெற்றது. துணுக்குகள் பொதுவாக மூலத்தைக் குறிப்பிடாமலேயே வெளியிடப்படும். ஒரு துணுக்கைப் படித்து வியக்கும் வாசகர் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று அறிய வழியில்லை. இணையத்தில் பரவும் துணுக்குகளுக்கும் இது பொருந்தும்.

துணுக்குத் தகவல்களைக் கண்டறிவதைக் கடினமாக்கும் காரணிகள் பின்வருமாறு:

* பதிவின்மை: பொழுதுபோக்கு நிகழ்வுகள் பலவற்றை வரலாற்றுக்காகப் பதிந்து வைக்க வேண்டும் என்று அக்காலத்தில் யாரும் எண்ணவில்லை. பழைய திரைப்படங்களின் பெயர்ப் பட்டியலில் சிறு வேடத்தில் நடித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை.
* அழிவு: திரைப்படச் சுருள்கள், ஒலிநாடாக்கள், ஆட்டக் குறிப்பேடுகள் ஆகியவை எளிதில் சிதையக்கூடியவை. பல தூக்கி எறியப்பட்டன.
* பெயர் வேறுபாடு: ஒரே பெயர் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களில் வழங்கும். ஹரிதாஸ் என்னும் திரைப்படப் பெயரைக் கிரந்த எழுத்து நீக்கி அரிதாசு என எழுதுவோரும் உண்டு. ஒன்றைத் தேடுபவருக்கு மற்றொன்று அகப்படாமல் போகலாம்.
* வரையறை வேறுபாடு: "முதல்", "அதிகம்", "நீண்ட" போன்ற சொற்களின் பொருளை எவ்வாறு வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

வரலாறு

இணையத்துக்கு முந்தைய காலம்

1951 ஆம் ஆண்டு நவம்பரில் அயர்லாந்தின் வெக்சுபோர்டு மாவட்டத்தில் பறவை வேட்டைக்குச் சென்றிருந்த கின்னஸ் மதுவடிப்பு நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் சர் இயூ பீவர், ஐரோப்பாவில் மிக விரைவாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்னும் விவாதத்தில் ஈடுபட்டார். விடையை உறுதிசெய்ய எந்த நூலும் உதவவில்லை. இத்தகைய விவாதங்கள் மதுவகங்களில் நாள்தோறும் எழக்கூடும் என எண்ணிய அவர், அவற்றைத் தீர்த்துவைக்கும் நூல் ஒன்றை உருவாக்க விரும்பினார். இலண்டனில் தகவல் திரட்டும் நிறுவனம் ஒன்றை நடத்திவந்த நோரிசு மெக்குவேர்ட்டர், ரோசு மெக்குவேர்ட்டர் ஆகிய இரட்டையர்கள் அந்நூலைத் தொகுத்தனர். 1955 இல் வெளிவந்த அந்நூலே பின்னர் கின்னஸ் உலக சாதனைகள் என்னும் பெயரில் புகழ்பெற்றது.

விளையாட்டுத் துறையில் இப்பணியை ஆர்வலர் சங்கங்கள் மேற்கொண்டன. 1971 இல் ஐக்கிய அமெரிக்காவில் அமெரிக்க பேஸ்பால் ஆய்வுக் கழகமும், 1973 இல் இங்கிலாந்தில் துடுப்பாட்டப் புள்ளியியலாளர் சங்கமும் நிறுவப்பட்டன. இவற்றின் உறுப்பினர்கள் பழைய நாளிதழ்களையும் ஆட்டக் குறிப்பேடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் புள்ளிவிவரங்களைச் சரிசெய்தனர்.

1979 இல் கனடாவின் மொன்றியல் நகரில் கிறிசு ஏனி, இசுக்காட் அபட் ஆகியோர் உருவாக்கிய டிரிவியல் பர்சூட் என்னும் பலகை விளையாட்டு 1981 இல் விற்பனைக்கு வந்தது. துணுக்குத் தகவல்களை வினா-விடையாகக் கொண்ட அவ்விளையாட்டின் வெற்றியால் துணுக்குத் தகவல் தனி வணிகப் பொருளாகவும் ஆனது.

இணையத் தரவுத்தளங்களின் தோற்றம்

இன்று பெரு நிறுவனங்களின் கையில் உள்ள தரவுத்தளங்கள் பல, ஆர்வலர்கள் ஊதியமின்றித் தொடங்கியவை. இணையத் திரைப்படத் தரவுத்தளம் (ஐ.எம்.டி.பி) 1990 இல் யூசுநெட் செய்திக் குழு ஒன்றில் நடிகர், இயக்குநர் பட்டியல்களாகத் தொடங்கியது. 1998 இல் அமேசான் நிறுவனம் அதனை வாங்கியது. துடுப்பாட்டத் (கிரிக்கெட்) தகவல்களைத் தரும் கிரிக்கின்ஃபோ 1993 இல் பல்கலைக்கழக மாணவர்கள், ஆய்வாளர்களின் முயற்சியில் வளர்ந்தது. காற்பந்தாட்ட முடிவுகளைத் தொகுக்கும் ஆர்.எசு.எசு.எசு.எஃப் 1994 இல் தொடங்கப்பட்டது. இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிசுகாக்சு 2000 இல் வந்தது. ஒலிம்பிக் போட்டியாளர்களின் விவரங்களை வரலாற்றாய்வாளர் குழுவொன்று பல ஆண்டுகளாகத் திரட்டி உருவாக்கிய ஒலிம்பீடியா 2020 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இவற்றுடன் மூல ஆவணங்களை மின்வடிவில் வழங்கும் காப்பகங்களும் தோன்றின. 1996 இல் நிறுவப்பட்ட இணைய ஆவணகம், மறைந்துபோன இணையப் பக்கங்களைக் காட்டும் வசதியை 2001 இல் பொதுமக்களுக்கு வழங்கியது. ஆத்திரேலிய தேசிய நூலகத்தின் டுரோவ் தளம் பழைய நாளிதழ்களைக் கட்டணமின்றித் தேட உதவுகிறது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் மின்வடிவில் தருகிறது.

தேடும் முறை

அனுபவமுள்ள தேடுவோர் பொதுவாகப் பின்வரும் படிமுறைகளைப் பின்பற்றுகின்றனர்.

1. வினாவைத் தெளிவுபடுத்தல்: "அந்தப் பழைய படம்" என்பதைவிட, எந்த ஆண்டுவாக்கில், எம்மொழியில், கறுப்பு வெள்ளையா வண்ணமா, எங்கு பார்க்கப்பட்டது என்பவற்றைக் குறித்துக்கொள்வது தேடலைச் சுருக்கும். உறுதியாக நினைவில் உள்ளவற்றையும் ஊகத்தையும் தனித்தனியே எழுதிவைப்பது நல்லது. நினைவிலுள்ள பாடல் வரியோ உரையாடலோ பிழையாக இருக்கக்கூடும்.

2. எழுத்துக்கூட்டலை மாற்றித் தேடல்: பெயரைத் தமிழிலும் பிற மொழி எழுத்துகளிலும், முதலெழுத்துடனும் இன்றியும் தேட வேண்டும். பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால் அச்சொற்றொடர் அப்படியே வரும் பக்கங்களைத் தேடுபொறி முன்னிறுத்தும்.

3. ஒரே பெயருடையவற்றைப் பிரித்தறிதல்: காளிதாஸ் என்னும் பெயரில் 1931 இலும் 2019 இலும் தமிழ்த் திரைப்படங்கள் வெளிவந்துள்ளன. ஆண்டைக் குறிப்பிடாத தகவல் எப்படத்தைப் பற்றியது என்று உறுதியாகக் கூற இயலாது.

4. துறைசார் தரவுத்தளத்தை நாடுதல்: பொதுத் தேடுபொறி மிகுதியாகப் பார்க்கப்படும் பக்கங்களையே முதலில் தருகிறது. அரிய தகவல்கள் அப்பக்கங்களில் இருப்பது குறைவு. அவை துறைசார் தளங்களின் உட்பக்கங்களிலேயே பெரும்பாலும் காணப்படுகின்றன.

5. மூலத்தை நோக்கிப் பின்செல்லல்: ஒரு தளம் கூறும் தகவல் எங்கிருந்து பெறப்பட்டது என்று பார்த்து, அந்த மூலத்தின் மூலத்தையும் தேட வேண்டும. பத்துத் தளங்கள் ஒரே கட்டுரையைப் படியெடுத்திருந்தால் அங்கு இருப்பது ஒரு சான்று மட்டுமே.

6. சமகாலப் பதிவுடன் ஒப்பிடல்: நாளிதழ் விளம்பரம், ஆட்டக் குறிப்பேடு, தணிக்கைச் சான்றிதழ், பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு உறை ஆகியவை நிகழ்வு நடந்தபோதே உருவானவை. பல ஆண்டுகள் கழித்து அளிக்கப்பட்ட நேர்காணலைவிட இவை நம்பத்தக்கவை. எனினும் இவற்றிலும் அச்சுப் பிழைகள் நேர்வதுண்டு.

7. அறிந்தவரை வினவுதல்: ஆவணம் கிடைக்காதபோது நிகழ்வில் பங்கேற்றவர்களையோ அவர்தம் குடும்பத்தினரையோ கேட்பதே எஞ்சும் வழி. இவ்வழி காலம் செல்லச் செல்ல அடைபடும்.

எடுத்துக்காட்டுகள்

பெயர் தெரியாத பாடல்

1980களின் நடுப்பகுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வடஜெர்மன் வானொலியில் ஒலிபரப்பான ஆங்கிலப் பாடல் ஒன்றை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். பாடலின் பெயரையோ பாடியவரையோ அவர் குறித்துவைக்கவில்லை. 2007 இல் அவருடைய சகோதரி அதன் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டு, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். விடை கிடைக்கவில்லை. 2019 இல் அப்பாடல் மீண்டும் கவனம் பெற்றபோது பல நாடுகளைச் சேர்ந்தோர் தேடலில் இணைந்தனர். "இணையத்தின் மிக மர்மமான பாடல்" என்று அது அழைக்கப்பட்டது.

ஷசாம் போன்ற பாடல் கண்டறியும் சேவைகள் இங்குப் பயன்படவில்லை. அச்சேவைகள் கேட்கும் ஒலியின் தடத்தைத் தம்மிடம் முன்பே சேமிக்கப்பட்டுள்ள பாடல்களின் தடங்களுடன் ஒப்பிட்டே விடை தருகின்றன. இசைத்தட்டாக விற்பனைக்கு வராத பாடல் அச்சேமிப்பில் இருப்பதில்லை. எனவே தேடியோர் வானொலியின் ஒலிபரப்பு விவரங்களையும், அக்காலத்து உள்ளூர் இசைக்குழுக்களின் பெயர்களையும், பழைய நாளிதழ்ச் செய்திகளையும் ஆராய்ந்தனர்.

2024 நவம்பரில் விடை கிடைத்தது. பழைய நாளிதழ்களில் இடம்பெற்ற இசைக்குழுக்களைத் தேடிவந்த ஒருவர், வடஜெர்மனியின் கீல் நகரைச் சேர்ந்த ஃபெக்ஸ் என்னும் குழுவின் முன்னாள் உறுப்பினரைத் தொடர்புகொண்டார். பாடல் அக்குழுவினுடையது என்பதும், அதன் பெயர் "சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்" என்பதும் உறுதியாயின. தம் பாடலை உலகெங்கும் பலர் தேடிவருவதை அக்குழுவினர் அதுவரை அறிந்திருக்கவில்லை. இணையத்தில் 17 ஆண்டுகள் நீடித்த வினாவுக்கு விடையளித்தவை ஒரு நாளிதழ்க் காப்பகமும் ஒரு மனிதரின் நினைவுமே.

ஜாக் ஹாப்சின் சதங்கள்

முதல்தரத் துடுப்பாட்டத்தில் அதிக ஓட்டங்களும் அதிக சதங்களும் எடுத்தவர் இங்கிலாந்தின் ஜாக் ஹாப்சு (1882–1963) ஆவார். அவர் எத்தனை சதங்கள் எடுத்தார் என்னும் வினாவுக்கு இரு விடைகள் அச்சில் உள்ளன. விசுடன் ஆண்டுநூல் மரபாகக் கூறிவருவது 61,237 ஓட்டங்கள், 197 சதங்கள். கிரிக்கின்ஃபோ முதலிய தரவுத்தளங்கள் தருவது 61,760 ஓட்டங்கள், 199 சதங்கள்.

இவ்வேறுபாடு கூட்டல் பிழையால் வந்ததன்று. 1930–31 இல் விசயநகர இளவரசர் (விஜி) ஏற்பாடு செய்த தனியார் சுற்றுப்பயணத்தில் ஹாப்சு இந்தியாவிலும் இலங்கையிலும் விளையாடினார். அப்பயணத்தின் ஆட்டங்கள் முதல்தர ஆட்டங்களா என்பதே சிக்கல். முதல்தர ஆட்டத்துக்கான பொது வரையறை 1947 இல்தான் வகுக்கப்பட்டது. அது முந்தைய ஆட்டங்களுக்குப் பொருந்தாது எனவும் கூறப்பட்டது. ஆகவே பழைய ஆட்டங்களின் தகுதியைப் புள்ளியியலாளர்களே தீர்மானிக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் புள்ளியியலாளர்கள் இந்திய, இலங்கை ஆட்டங்களைச் சேர்த்தபோது எண்ணிக்கை உயர்ந்தது. ஹாப்சு தாமே அவற்றை முதல்தர ஆட்டங்களாகக் கருதவில்லை. அதே பயணத்தில் பங்குகொண்ட எர்பர்ட் சட்கிளிஃபின் சதங்களும் இவ்வாறே 149 என்றும் 151 என்றும் இரு வகையாகத் தரப்படுகின்றன.

வினாடி வினா ஒன்றில் 197 என்று எழுதிய மாணவரும் 199 என்று எழுதிய மாணவரும் தவறு செய்தவர்கள் அல்லர். எந்தப் பட்டியலின்படி என்று கூறாத வினாவே குறையுடையது.

பேஸ்பால் புள்ளிவிவரங்கள்

அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் வெற்றிகரமான அடிகளை அதிகம் எடுத்தவர் என்னும் சாதனை நெடுங்காலம் டை காப் என்பவரிடம் இருந்தது. அவரது மொத்த அடிகள் 4,191 எனப்பட்டது. 1910 ஆம் ஆண்டுப் பதிவில் ஓர் ஆட்டம் இருமுறை எழுதப்பட்டிருந்ததை ஆய்வாளர் பீட் பாமர் கண்டறிந்தார். 1981 இல் இது வெளியிடப்பட்டது. இதன்படி காப்பின் மொத்தம் 4,189 ஆகும். ஆயினும் அப்போதைய பேஸ்பால் ஆணையர் பழைய எண்ணை மாற்ற மறுத்தார். 1985 செப்டம்பர் 11 அன்று பீட் ரோசு தமது 4,192 ஆவது அடியை எடுத்தபோது சாதனை முறியடிக்கப்பட்டதாக சின்சினாட்டியில் பெருவிழா கொண்டாடப்பட்டது. திருத்திய எண்ணின்படி அச்சாதனை மூன்று நாட்களுக்கு முன்பே சிகாகோவில் முறியடிக்கப்பட்டுவிட்டது.

இதைவிடப் பெரிய திருத்தம் 2024 மே மாதத்தில் நிகழ்ந்தது. இனப் பாகுபாட்டினால் 1947 வரை கறுப்பின ஆட்டக்காரர்கள் மேஜர் லீக் போட்டிகளில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் நீக்ரோ லீக் எனப்பட்ட தனிப் போட்டிகளில் விளையாடினர். அப்போட்டிகளின் முழுமையான பதிவுகள் ஓரிடத்தில் இல்லாததால் அவர்களுடைய சாதனைகள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. ஆர்வலர்கள் கறுப்பினத்தவர் நடத்திய நாளிதழ்களில் வந்த ஆட்ட அட்டவணைகளைப் பல ஆண்டுகளாகச் சேகரித்துத் தரவுத்தளமாக்கினர். 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளுக்கு மேஜர் லீக் தகுதி உண்டு என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2024 இல் அவற்றில் ஆடிய 2,300க்கும் மேற்பட்டோரின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்க்கப்பட்டன. அதன்படி வாழ்நாள் அடிச் சராசரியில் 0.372 உடன் ஜோசு கிப்சன் முதலிடம் பெற்றார். காப்பின் சராசரி 0.367. கிப்சன் 1947 சனவரியில் தமது 35 ஆவது வயதில் இறந்தவர். மேஜர் லீக்கில் ஓர் ஆட்டத்திலும் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

"வாழ்நாள் அடிச் சராசரியில் முதலிடம் பெற்றவர் யார்" என்னும் எளிய வினாடி வினாக் கேள்விக்குப் பின்னால், யாருடைய ஆட்டங்கள் எண்ணப்பட்டன, யாருடையவை விடப்பட்டன என்னும் வரலாறு இருப்பதை இது காட்டுகிறது.

பிழைகள் பரவும் விதம்

துணுக்குத் தகவல்களில் பிழைகள் புகும் வழிகள் பல. அவற்றுள் மூன்று நிகழ்வுகள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன.

பிரெட் வொர்த் என்பவர் 1974 இல் வெளியிட்ட துணுக்குத் தகவல் கலைக்களஞ்சியத்தில், கொலம்போ என்னும் தொலைக்காட்சித் தொடரின் துப்பறிவாளருடைய முதற்பெயர் பிலிப் என்று எழுதினார். இது வேண்டுமென்றே எழுதப்பட்ட பொய்த் தகவல். தம் நூலை யாராவது படியெடுத்தால் கண்டுபிடிப்பதற்காக அவர் வைத்த பொறி அது. டிரிவியல் பர்சூட் விளையாட்டின் வினா அட்டை ஒன்றில் அதே விடை காணப்பட்டது. வொர்த் 1984 இல் 300 மில்லியன் டாலர் இழப்பீடு கோரி வழக்குத் தொடர்ந்தார். அவரது நூல் தாம் பயன்படுத்திய மூலங்களுள் ஒன்று என்பதை விளையாட்டை உருவாக்கியோர் மறுக்கவில்லை. ஆனால் தனித்தனித் தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்னும் அடிப்படையில் வழக்கு தள்ளுபடியானது. 1987 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. தீர்ப்பு வந்த பின்னரும் பிலிப் என்னும் பெயர் பல இடங்களில் தொடர்ந்து வழங்கியது. தொடரின் காட்சி ஒன்றில் காட்டப்படும் அடையாள அட்டையில் உள்ள பெயர் பிராங்க் என்பதாகும்.

2008 செப்டம்பரில் சைப்பிரசு நாட்டின் ஒமோனியா காற்பந்துக் கழகம் இங்கிலாந்தின் மான்செசுட்டர் சிட்டியுடன் மோதியது. அதையொட்டி ஒமோனியா இரசிகர்கள் பழைய காலணிகளால் செய்த தொப்பி அணிபவர்கள் என்று பிரித்தானிய நாளிதழ் ஒன்று எழுதியது. விக்கிப்பீடியாவில் குறும்புக்காகச் சேர்க்கப்பட்ட வரியிலிருந்து வந்த செய்தி அது. பின்னர் அச்செய்தித்தாளே விக்கிப்பீடியா வரிக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. ஒரு பொய் தன்னையே சான்றாகக் கொள்ளும் இந்நிலை வட்டச் சான்று எனலாம்.

2009 மார்ச்சில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிசு சார் காலமானபோது, டப்ளின் நகர மாணவர் ஒருவர் அவர் கூறியதாக ஒரு மேற்கோளைப் புனைந்து விக்கிப்பீடியாவில் சேர்த்தார். சான்று இல்லாததால் பயனர்கள் அதனை நீக்கினர். ஆயினும் அதற்குள் பல நாடுகளின் செய்தித்தாள்கள் அதனைத் தம் இரங்கற் குறிப்புகளில் எடுத்தாண்டுவிட்டன. சில வாரங்களுக்குப் பின் அம்மாணவரே உண்மையைத் தெரிவிக்கும் வரை யாரும் அதனைக் கண்டுபிடிக்கவில்லை.

இம்மூன்றிலும் பிழையை எளிதில் கண்டுணர முடியாமைக்குக் காரணம், தகவல் நம்பத்தக்கதாகவும் சுவையாகவும் இருந்ததே ஆகும். சுவையான துணுக்கு விரைவாகப் பரவும். அதன் மூலத்தைத் தேடுவோர் குறைவு.

தமிழ்த் திரைப்படத் துறையில்

தமிழ்த் திரைப்படங்கள் பற்றிய துணுக்குகள் இணையத்தில் மிகுதியாகக் காணப்பட்டாலும் அவற்றுக்கான மூல ஆவணங்கள் குறைவு. ஆர். நடராஜ முதலியார் உருவாக்கிய கீசக வதம் தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படமாகக் கருதப்படுகிறது. அதன் ஆண்டு 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் வெவ்வேறு எழுத்தாளர்களால் தரப்படுகிறது. அப்படத்தின் படி எதுவும் எஞ்சியுள்ளதாகத் தெரியவில்லை. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாசும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை.

எம். கே. தியாகராச பாகவதர் நடித்து 1944 தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ், சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது புகழ்பெற்ற துணுக்கு. ஆனால் அது எத்தனை வாரங்கள் ஓடியது என்பது நூலுக்கு நூல் மாறுபடுகிறது. இத்தகைய வினாவைத் தீர்ப்பதற்கு உரிய சான்று, அக்கால நாளிதழ்களில் வெளிவந்த திரையரங்க விளம்பரங்களாகும். எந்த நாளில் அத்திரையரங்கின் விளம்பரத்தில் வேறு படத்தின் பெயர் தோன்றுகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். அதற்கு அந்நாளிதழ்கள் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும்.

இத்துறையில் முன்னோடியாகச் செயற்பட்டவர் பிலிம் நியூஸ் ஆனந்தன் (1928–2016) ஆவார். திரைப்படச் செய்தித் தொடர்பாளராகப் பணியாற்றிய அவர், படங்களின் வெளியீட்டு நாள், நடிகர்கள், கலைஞர்கள் பற்றிய விவரங்களையும் ஒளிப்படங்களையும் பல பதிற்றாண்டுகளாகத் தாமே சேகரித்தார். அவரது சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு பெற்றுக்கொண்டது. அவர் எழுதிய "சாதனைகள் படைத்த தமிழ்த்திரைப்பட வரலாறு" 2004 இல் வெளிவந்தது. இன்று இணையத்தில் காணப்படும் பழைய படங்களின் பட்டியல்கள் பல அந்நூலை அடிப்படையாகக் கொண்டவை. சென்னையில் 1994 இல் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய நூல்களையும் இதழ்களையும் திரைப்படப் பாட்டுப் புத்தகங்களையும் பாதுகாத்து வருகிறது. படச்சுருள் அழிந்துபோன நிலையில், திரையரங்கில் சில காசுகளுக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகமே நடித்தவர்களின் பெயர்களையும் கதைச் சுருக்கத்தையும் அறிய உதவும் ஆவணமாக அமைகிறது.

அண்மைக்கால மாற்றங்கள்

2010களுக்குப் பின் துணுக்குத் தகவல் தேடலில் இரு மாற்றங்கள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, பயனர்களின் உரையாடல்களைக் கொண்டிருந்த பழைய தளங்கள் மூடப்படுதல். 2017 பிப்ரவரியில் ஐ.எம்.டி.பி தனது கருத்துக் களங்களை மூடியபோது, பல ஆண்டுகளாகப் பயனர்கள் அங்கு எழுதிய அரிய குறிப்புகள் அத்தளத்திலிருந்து மறைந்தன. இணையத்தில் உள்ள தகவல் நிலைத்திருக்கும் என்று கொள்ள இயலாது.

இரண்டாவது, செயற்கை அறிவுத்திறன் கொண்ட உரையாடல் செயலிகளின் வருகை. இவை வினாவைச் சாதாரண மொழியில் புரிந்துகொண்டு உடனே விடை தருகின்றன. மங்கலான நினைவிலிருந்து ஒரு படத்தின் பெயரை ஊகிக்க இவை உதவக்கூடும். ஆனால் பதிவுகள் குறைவாக உள்ள பொருள்களில் இவை இல்லாத பெயர்களையும் ஆண்டுகளையும் உறுதியான நடையில் கூறிவிடுவதுண்டு. துணுக்குத் தகவல் என்பதே பதிவுகள் குறைவாக உள்ள பொருள் என்பதால் இங்கு இவ்விடர் மிகுதி. செயலி தரும் விடையைத் தேடலின் தொடக்கமாகக் கொண்டு, மூல ஆவணத்துடன் ஒப்பிட்ட பின்னரே ஏற்பது பொருத்தமானது.

மின்வடிவில் உள்ள ஆவணங்கள் மொத்த ஆவணங்களில் ஒரு பகுதியே. நூலகங்களிலும் தனியார் வீடுகளிலும் உள்ள இதழ்கள், ஒலிநாடாக்கள், பாட்டுப் புத்தகங்கள், ஆட்டக் குறிப்பேடுகள் ஆகியவற்றை வருடி இணையத்தில் ஏற்றும் பணியும், மூத்த கலைஞர்கள், ஆட்டக்காரர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யும் பணியும் இன்று பல நாடுகளில் தன்னார்வலர்களால் மேற்கொள்ளப்படுகின்றன. பாட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை வருடி ஏற்றுபவர், நாளை ஒருவர் கேட்கவிருக்கும் வினாவுக்கான விடையைப் பாதுகாக்கிறார்.